கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு மாணவன் வளரும் விதம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எமக்குத் தந்த தலைப்பு ‘விளையாட்டும் கல்வியும்’ என்பது. இத்தலைப்பில் பேசுவோர், உடல் நலமுற்றால் உள்ளம் நலமுறும் என்று தொடங்கி, மாலையில் விளையாடுக, இரவில் படிக்க என்று முடிப்பது வழக்கம். அவ்வுரையை நாமே பல பள்ளி ஆண்டு விழாக்களில் ஆற்றியிருக்கிறோம். கேட்டவர் எவரும் அதனை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இன்று ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடும் மாணவன், சேர்ந்த நாள் முதல் வெளியேறும் நாள் வரை எவ்வாறு வளர்கிறான் என்பதே நாம் சொல்லப் போவது. இது நமக்கு எதற்கு என்று கேட்போர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

நாம் பட்டப்படிப்பு மாணவராக விடுதியில் தங்கியிருந்த காலத்தில், 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. விடுதி வாசக சாலைக்கு வந்த ஆங்கில நாளிதழில் அமெரிக்கக் கூடைப்பந்து அணியின் படம் வெளியாகியிருந்தது. மைக்கேல் ஜோர்டான், டேவிட் ராபின்சன், பேட்ரிக் யூவிங் முதலானோர் அதில் நின்றனர். பலர் கறுப்பினத்தவர். அவர்கள் பிறக்கும்போதே இவ்வாறு பிறந்தவர்கள் என்றே நாம் எண்ணினோம். உடன் நின்று படம் பார்த்த நண்பர்களும் அவ்வாறே எண்ணினர். அவர்களுடைய கல்லூரிக் காலத்து ஆட்டக் குறிப்புகளைப் பிற்காலத்தில் படிக்க நேர்ந்தபோதுதான் அவ்வெண்ணம் தவறென விளங்கிற்று.

ஆட்டத்தின் வரலாற்றை நீட்ட விரும்பவில்லை. 1891இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் கூடத்துக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டி, பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி இதனை உண்டாக்கினார். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் தமிழகத்துப் பள்ளிகள் பலவற்றுக்கும் சென்று இத்தகைய ஆட்டங்களைக் கற்பித்தனர். எமது பள்ளி மைதானத்தில் நிற்கும் இரும்புக் கம்பத்துக்கும் அந்த வழியில் ஓர் உறவு உண்டு.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐவர், அணியிலோ ஏறத்தாழப் பன்னிருவர், பதின்மூவர் இருப்பர். ஒரு மாணவனுக்கு நான்கு பருவங்கள் ஆடும் உரிமை என்பது நெடுங்காலமாக இருந்துவந்த ஏற்பாடு. பள்ளியில் இவன்தான் ஊருக்கே நாயகன். கல்லூரிக்கு வந்த அன்றோ, தன்னைப் போன்ற பதின்மரோடு பெஞ்சியில் அமர்கிறான். 1972 வரை முதலாண்டு மாணவரை முதன்மை அணியில் ஆடவிடும் வழக்கமே இல்லை. அவர்களுக்கெனத் தனியணி இருந்தது. கரீம் அப்துல் ஜப்பார் என்று பின்னாளில் பெயர் பெற்ற லூ ஆல்சிண்டர், 1965இல் கலிபோர்னியாவில் அத்தகைய முதலாண்டு அணியில் நின்று, முந்திய இரண்டு ஆண்டுகளும் நாட்டின் சாம்பியனாயிருந்த தம் கல்லூரி முதன்மை அணியையே 75க்கு 60 என்று தோற்கடித்தார். ஆயினும் அவர் அவ்வாண்டு முழுவதும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தகையோர் அரியர். பெரும்பாலோரின் தொடக்கம் வேறு.

டேவிட்சன் என்பது வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஒரு சிறு கல்லூரி. 2006ஆம் ஆண்டு அங்கே ஸ்டீபன் கரி என்னும் மெலிந்த இளைஞர் சேர்ந்தார். தந்தையார் தொழில்முறை ஆட்டக்காரராயிருந்தும், இவருடைய மெலிவைக் கண்டு பெரிய கல்லூரிகள் இவரை விரும்பி அழைக்கவில்லை. கல்லூரியில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். ஓர் அணி முழுவதும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் இழக்கும் அளவை ஒருவரே இழந்தார் எனலாம். பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவரைப் பெஞ்சியில் உட்கார வைத்திருக்கலாம். கேட்பார் எவரும் இல்லை. அவர் அவ்வாறு செய்யவில்லை. மறுநாளும் தொடக்கம் முதல் ஆடவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகம் என்னும் பேரணிக்கு எதிரே அம்மாணவர் அன்று 32 புள்ளிகள் எடுத்தார். அவ்வாண்டு அவர் ஆட்டத்துக்குச் சராசரி 21.5 புள்ளி, அடுத்த ஆண்டு 25.9, மூன்றாம் ஆண்டு 28.6.

மூன்றாம் ஆண்டில் வேறொரு மாற்றமும் நேர்ந்தது. பந்தைக் கொண்டு சென்று பிறர்க்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பிலிருந்த மூத்த மாணவர் படிப்பு முடிந்து சென்றுவிட்டமையால், அதுவரை எறிபவராய் மட்டும் இருந்த கரி அப்பொறுப்பையும் ஏற்றார். முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தை இழந்தவர் கையில் பந்து முழுமையாக ஒப்படைக்கப்பட்டது! இதனை வளர்ச்சி என்னாமல் வேறென்ன என்பது?

முதலாண்டு மாணவனிடம் குறைவது யாது? உயரமன்று, ஓட்டமன்று. எதிரி எறிவது போல் பாவனை செய்தவுடன் அவன் துள்ளிவிடுகிறான். துள்ளியவன் இறங்கும்போது எதிரியின்மேல் விழுகிறான். அது தவறெனக் குறிக்கப்படுகிறது. ஐந்து தவறுகள் சேர்ந்தால் அவன் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஆகவே வளர்ச்சியின் முதற்படி நிறையப் புள்ளிகள் எடுப்பதன்று. களத்தில் நிலைத்து நிற்பதாகும். பொய்யான அசைவுக்குத் துள்ளாதிருக்க ஓராண்டுப் பழக்கம் வேண்டும். அடுத்தது, கால்கள். ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் கால் சோர்ந்தால் பந்து வளையத்துக்கு முன்னரே வீழ்கிறது. கையைக் குறை கூறிப் பயனில்லை. மூன்றாவது, தன்னுடைய எதிரியை மட்டும் நோக்காமல், தோழன் காவலைத் தாண்டி எவன் வருகிறான் என்று நோக்கும் கண். பள்ளியில் இது தேவைப்படவே இல்லை. அங்கே இவன் ஒருவனே போதுமானவன்.

இவையெல்லாம் கூடிவருவதற்கு முதலாண்டு கழிகிறது. நல்ல ஆட்டக்காரர் பலருடைய குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் இடையேதான் பெரிய தாவலைக் காணலாம். அதன்பின் ஏற்றம் மெதுவாகிறது.

ஹக்கீம் ஒலாஜுவான் இதற்கு நல்ல சான்று. நைஜீரிய நாட்டு லாகோஸ் நகரத்தவர். சிறுவராயிருந்தபோது கால்பந்தில் கோல் காப்பாளர், கைப்பந்தாட்டமும் ஆடியவர். கூடைப்பந்தை மிகத் தாமதமாகவே தொட்டார். 1980இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதலாண்டு முழுவதும் ஒரு பந்தயத்திலும் ஆடாமல் பயிற்சி மட்டுமே பெற்றார். அடுத்த ஆண்டும் பாதி ஆட்ட நேரத்துக்குக் குறைவாகவே களத்தில் நின்றார், சராசரி 8.3 புள்ளி. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவ்வூரில் ஒரு பொது உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. கோடை விடுமுறையில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அங்கே வந்து ஆடுவர். அவர்களுள் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான மோசஸ் மலோனும் இருந்தார். அவரோடு நாள்தோறும் மோதி, இடிபட்டு, தள்ளுண்டு இவர் கற்றார். கோடை கழிந்து திரும்பியபோது சராசரி 13.9 ஆயிற்று, அதற்கடுத்த ஆண்டு 16.8. 1983இல் இறுதியாட்டத்தில் இவருடைய அணி தோற்றது. எனினும் அவ்வாண்டு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பு தோற்ற அணியிலிருந்த இவருக்கே கிடைத்தது. 1984இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தபோது முதற்பெயர் இவருடையது. மூன்றாம் பெயர் ஜோர்டானுடையது. கோல் காப்பாளராய்ப் பழகிய கால்தான் பின்னாளில் அவருடைய புகழ்பெற்ற காலடி நுணுக்கத்துக்கு அடிப்படை ஆயிற்று. முன்பு கற்றது எதுவும் வீண்போகவில்லை.

டேவிட் ராபின்சன் கதை சற்று வேறுபட்டது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் கணிதம் பயிலச் சேர்ந்தவர். பள்ளியில் கூடைப்பந்து ஆடியது ஓராண்டு மட்டுமே. சேரும்போது ஏறத்தாழ ஆறரை அடி உயரம். பயிலும் காலத்திலேயே ஏழடியைத் தொட்டார். முதலாண்டில் சராசரி 7.6 புள்ளி, இரண்டாமாண்டில் 23.6! உயரம் வளர்ந்ததற்கு அவருடைய முயற்சி எதுவும் காரணமன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முயற்சியே யாவும் என்று மேடையில் முழங்குவோர் இத்தகைய செய்திகளை மறைத்துவிடுகின்றனர். ஆனால் ஏழடி உயரமுள்ளோர் எல்லாரும் ஓராண்டில் 207 எறிகளைத் தடுத்ததில்லை. இவர் 1985-86இல் தடுத்தார். 1987இல் கணிதப் பட்டத்தோடு வெளியேறி, கடற்படையில் ஈராண்டுப் பணியை முடித்த பின்னரே தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார்.

ஆசிரியர்களாகிய எமக்கு இவற்றினும் சுவையான பகுதி ஒன்றுண்டு. ஆல்சிண்டரின் பயிற்சியாளர் ஜான் வுடன், தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். 1964 முதல் 1975 முடிய 12 ஆண்டுகளில் 10 முறை அவருடைய அணி நாட்டின் முதலிடம் பெற்றது. புதிதாகச் சேர்ந்த மாணவர்க்கு அவர் கற்பித்த முதற்பாடம், காலுறை அணியும் முறை. சுருக்கமின்றி அணியாவிடில் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தவன் பயிற்சிக்கு வாரான் என்பது அவர் கணக்கு. 1974-75இல் ரோலண்ட் தார்ப், ரொனால்டு காலிமோர் என்னும் இரண்டு உளவியல் அறிஞர்கள் அவருடைய பயிற்சி வேளைகள் பலவற்றில் ஓரமாக அமர்ந்து, அவர் வாயிலிருந்து வருவனவற்றை வகைப்படுத்தி எண்ணினர். கற்பிக்கும் செயல்களாக 2,326 குறிக்கப்பட்டன. அவற்றுள் புகழ்ச்சி 7 விழுக்காட்டுக்கும் குறைவு, கடிந்துரையும் அவ்வாறே. ஏறத்தாழ முக்கால் பங்கு, எதனை எவ்வாறு செய்வது என்னும் செய்தி மட்டுமே. ‘கையை இப்படி வை, காலை அங்கே நிறுத்து, மீண்டும் செய்’ என்னும் வகையைச் சேர்ந்தவை அவை.

இதனைப் படித்த அன்று நாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தோம். எம்முடைய ஒரு நாள் வகுப்பை எவரேனும் இவ்வாறு எண்ணியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ‘நீயெல்லாம் எங்கே தேறப் போகிறாய்’ என்பது எத்தனை முறை, ‘இந்தக் கணக்கில் இரண்டாம் வரியில் குறியை மாற்ற மறந்தாய்’ என்பது எத்தனை முறை? விடையை இம்மேடையில் சொல்ல எமக்குத் துணிவில்லை.

எண்கள் ஏமாற்றுவதும் உண்டு. ஜோர்டான் பள்ளியில் இரண்டாம் அணியில் ஆட விடப்பட்டவர் என்பது பலரும் அறிந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சராசரி 13.5, இரண்டாமாண்டு 20, மூன்றாமாண்டு 19.6. அவ்வாறாயின் மூன்றாமாண்டில் அவர் தேய்ந்துவிட்டாரா? அவ்வாண்டுதான் அவர் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீணான எறிகள் குறைந்தன; காவல் ஆட்டம் உறுதிப்பட்டது. யூவிங்கின் புள்ளிகளும் இரண்டாமாண்டில் 17.7 வரை உயர்ந்து, நான்காமாண்டில் 14.6ஆகக் குறைந்தன. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பிள்ளையை எடைபோடும் பெற்றோர் இதனைக் கருதுக.

இன்னொரு செய்தியையும் மறைக்கலாகாது. இவ்வளவு நேரம் நாம் அடுக்கியவை, தங்கியவர்களின் கணக்குகள். முதலாண்டிலேயே மனமுடைந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவனுக்கு இரண்டாமாண்டுக் கணக்கே கிடையாது. அவன் அட்டவணையில் வருவதில்லை. இரண்டாமாண்டில் எல்லாரும் தாவுகிறார்கள் என்று அட்டவணை சொல்வதன் பொருள், தாவும் வரையில் இருந்தவர்கள் தாவினார்கள் என்பதே.

அடுத்துச் சொல்லப் போவது கசப்பானது. 1978 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழக அணியில் ஆடிய கறுப்பின மாணவர் ஒருவர், வெளியே வந்தபோது சரிவரப் படிக்கத் தெரியாதவராய் இருந்தார். பந்து கற்பிக்க அங்கே ஆள் இருந்தது. எழுத்துக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை. முழங்கால் காயமுற்று ஆட்டமும் முடிந்தபின், சிகாகோ நகரில் மார்வா காலின்ஸ் என்னும் கறுப்பின ஆசிரியை நடத்திய பள்ளிக்குச் சென்று, ஆறடிக்கும் மிகுந்த அவ்விளைஞர் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு பெஞ்சியில் அமர்ந்து படித்தார். அச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நான்காண்டில் அவருடைய எறியும் காலடியும் வளர்ந்தன. யாருக்காக வளர்ந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்முனையில் நின்றவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் தாம்சன். 1984இல் நாட்டு முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர். காற்றிறங்கிய கூடைப்பந்து ஒன்றைத் தம் மேசைமேல் வைத்திருந்தார். பந்தில் காற்றுப் போனபின் உன்னிடம் என்ன மிஞ்சும் என்று வருவோரைக் கேட்பதற்காகவே அது அங்கிருந்தது. மாணவரின் பாடங்களைக் கவனிக்க முன்னாள் பள்ளி ஆசிரியை ஒருவரை அணியோடு வைத்திருந்தார். அவரிடம் பயின்ற யூவிங், ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் குடியேறியவர். பட்டம் பெறுவேன் என்று தாயாருக்கு வாக்களித்திருந்தார். தாயார் 1983இல் மறைந்தார். தொழில்முறை அணிகள் பணத்தோடு காத்திருந்தும், நான்காண்டும் தங்கி 1985இல் பட்டத்தோடுதான் வெளியேறினார். பெண்கள் ஆட்டத்தில் டென்னசி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாட் சம்மிட், 1974 முதல் 2012 வரை பணிபுரிந்தார். தம்மிடம் நான்கு பருவங்களையும் நிறைவு செய்த மாணவியர் அனைவரும் பட்டம் பெற்றதே எட்டு முறை வென்ற கோப்பைகளினும் பெரிதாக அவரைப் பற்றிப் பேசப்படுகிறது.

அதே தாம்சன் 1989 ஜனவரி 14ஆம் நாள், ஆட்டம் தொடங்கும் வேளையில் களத்தைவிட்டு வெளியே நடந்தார். தேர்வு மதிப்பெண் வரம்பைத் தொடாத மாணவர்க்கு முதலாண்டு உதவித்தொகையே கூடாது என்று அப்போது நிறைவேற்றப்பட்ட விதிக்கு எதிர்ப்பு அது. அவ்விதியால் வெளியே தள்ளப்படுவோர் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் என்பதே அவர் வாதம். விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. படிக்காத மாணவனைக் கண்டிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. எனினும் படிக்க வருபவனை வாயிலிலேயே நிறுத்துவதை அவர் ஏற்கவில்லை. இவ்விரண்டும் முரண் என்று நினைப்போர், நம் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி சென்ற எவரையேனும் கேட்டறிக.

டிம் டங்கனைப் பற்றி ஒரு சொல். கரீபியன் கடலில் செயின்ட் குரோய் தீவினர், நீச்சல் வீரர். 1989இல் வீசிய பெரும்புயல் தீவின் நீச்சல் குளத்தை அழித்துவிட்டது. மறு ஆண்டில் தாயார் காலமானார். அதன்பின்னரே கூடைப்பந்து. வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. ஆண்டு வரிசையில் அவருடைய சராசரி 9.8, 16.8, 19.1, 20.8. இரண்டாமாண்டின் இறுதியிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றிருக்கலாம். தாயாருக்கு அளித்த வாக்கின்படி நான்காண்டும் இருந்து, உளவியல் பட்டம் பெற்று 1997இல் முதற்பெயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இக்காலத்தில் நிலைமை மாறிவிட்டது. 2006 முதல், திறமை மிக்கோர் பலர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் இருந்துவிட்டுச் செல்கின்றனர். 2021 முதல் தம் பெயரையும் படத்தையும் கொண்டு மாணவர்கள் பணம் ஈட்டவும், கல்லூரி விட்டுக் கல்லூரி எளிதில் மாறவும் வழி பிறந்தது. நெடுங்காலம் அவர்களுடைய உழைப்பில் பிறர் பொருளீட்டியதை எண்ணினால், இதனைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் கரி, 2009இல் விட்டுச் சென்ற படிப்பை 2022இல் முடித்துப் பட்டம் பெற்றதைப் படித்தபோது, கோப்பை பல வென்ற செல்வந்தர் அதற்காக மெனக்கெட்டாரே என்று நாம் மகிழ்ந்தோம்.

இனி நம் ஊர்ப் பேச்சு. சில ஆண்டுகளுக்கு முன் எமது பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண் பெற்று, இச்சங்கத்தின் உதவியோடு கல்லூரி சேர்ந்த மாணவன் ஒருவன், முதற்பருவத் தேர்வில் நான்கு தாள்களில் தவறி, பொங்கலுக்கு ஊர் வந்தவன் திரும்பிச் செல்லவில்லை. கடைத்தெருவில் எம்மைக் கண்டதும் தலைகவிழ்ந்தான். நாம் அவனிடம் என்ன சொன்னோம் தெரியுமா? ‘சரி, இனி ஏதாவது வேலையைப் பார்’ என்றோம். கரியின் பயிற்சியாளர் மறுநாள் செய்ததை நாம் செய்யவில்லை. எந்தத் தாளில் எந்தப் பகுதி வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆங்கில வழியில் நடந்த வகுப்பு அவனுக்கு விளங்கவில்லை என்பதைப் பின்னர் அவன் அன்னையார் வாயிலாகவே அறிந்தோம். அவன் இன்று இந்த அவையில் இருக்கிறான். அவன் அனுமதி பெற்றே இதனைக் கூறுகிறோம்.

நம் சங்கம் 25 ஆண்டுகளாகச் சேர்க்கைக் கட்டணத்துக்கு உதவி வருகிறது. அதன் பயனை அறியாதார் இங்கில்லை. ஆனால் அவ்வுதவி கல்லூரி வாயிலோடு நின்றுவிடுகிறது. செயற்குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது: உதவித்தொகையை இரண்டு கூறாக்கி, ஒரு கூற்றை இரண்டாமாண்டுத் தொடக்கத்துக்கென ஒதுக்க வேண்டும், முதற்பருவத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், பட்டம் பெற்ற உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு மாணவரையும் விடுதிக்கே சென்று காண வேண்டும், தவறிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். கண்டிப்பதற்கு வீட்டில் ஆள் உண்டு. அதற்காக எவரும் போக வேண்டியதில்லை.

இவ்வேண்டுகோளை எழுத்து வடிவில் செயலாளர் அவர்களிடம் அளித்துள்ளோம். இவ்வாண்டு முதற்பருவத் தேர்வு எழுதுவோரில் நால்வரைக் காணும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். கடைத்தெருவில் தலைகவிழ்ந்த அந்தத் தம்பியும் உடன் வர இசைந்திருக்கிறான். மேலும் பெயர் கொடுக்க விரும்பும் பட்டதாரிகள் கூட்டம் முடிந்தபின் எம்மைக் காணலாம்.